25 சதவீதப் பங்கு 8 ஆகிவிட்டது, கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியுமா?

கோவைக்காரன்:
வணக்கம். அப்பா, பெரியப்பா, அவர்களுடைய நண்பர் ஒருவர் என மூன்று பேர் தொடங்கிய ஃபவுண்டரி, பிரைவேட் லிமிடெட். அப்பா இறந்ததும் அவருடைய 25 சதவீதம் என் பெயருக்கு மாறியது, டைரக்டராகவும் இருந்தேன். பெரியப்பா மகன் எம்.டி. ஆன பிறகு டிவிடெண்ட் நின்றுவிட்டது, ஆனால் அண்ணன் சம்பளமும் அண்ணி சம்பளமும் வருடா வருடம் ஏறுகிறது. கணக்கு கேட்டேன், போன வருடம் கூட்டம் போட்டு என்னை டைரக்டர் பதவியிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது எம்.சி.ஏ. (மத்திய கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் பார்த்தால் ரைட்ஸ் இஷ்யூ (இருக்கிற பங்குதாரர்களுக்கே புதுப் பங்கு கொடுப்பது) நடந்து முடிந்திருக்கிறது, என் பங்கு வெறும் 8 சதவீதம். எனக்குக் கடிதமே வரவில்லை. 10 சதவீதத்துக்குக் கீழே போனால் வழக்கே போட முடியாது என்கிறார் ஆடிட்டர். அப்படியா? பங்குதாரர்கள் மொத்தம் 5 பேர்.

ஈரோடு கணக்கர்:
உங்கள் ஆடிட்டர் சட்டத்தில் பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். 2013 கம்பெனிச் சட்டம் 244-ஆம் பிரிவில் பங்கு மூலதனத்தில் பத்தில் ஒன்று என்பது ஒரு வழி, உறுப்பினர் எண்ணிக்கையில் பத்தில் ஒன்று (அல்லது 100 பேர், எது குறைவோ அது) என்பது இன்னொரு வழி. இரண்டில் ஒன்று இருந்தால் போதும். 5 பேரில் நீங்கள் ஒருவர், அப்புறம் என்ன? பங்குக்கான பணம் பாக்கி இருக்கக்கூடாது, அவ்வளவுதான். முதல் வேலையாக எம்.சி.ஏ. தளத்தில் கட்டணம் கட்டி அந்தப் பங்கு ஒதுக்கீட்டின் பிஏஎஸ்-3 படிவத்தை எடுங்கள். யாருக்கு எத்தனை பங்கு, என்ன விலைக்கு என்று அதில் இருக்கும். ரைட்ஸ் கடிதம் டெலிவரிக்குச் சான்று இருக்கும் வழியில் போயிருக்க வேண்டும் என்கிறது 62-ஆம் பிரிவு, அந்தச் சான்றை அவர்கள்தான் காட்ட வேண்டும்.

இரண்டாம் தலைமுறை:
நான் வேறு மாதிரிச் சொல்வேன் தம்பி. வழக்கு வருடக்கணக்கில் ஓடும், அதற்குள் சொந்தமும் போய்விடும். கிடைக்கிற விலைக்குக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள்.

மயிலாப்பூர் வக்கீல்:
வெளியே வருவதுதான் முடிவு என்றாலும் விலையை அவர்கள் சொல்ல விடாதீர்கள். சிறுபான்மைப் பங்கு, வெளியில் வாங்க ஆள் இல்லை என்று அடிமாட்டு விலை பேசுவார்கள். பெரும்பான்மையினரின் ஒடுக்குமுறைக்கு எதிராக அதே சட்டத்தின் 241-ஆம் பிரிவில் மனு போட்டால், 242-இன்படி மற்றவர்களோ கம்பெனியோ உங்கள் பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பாயம் உத்தரவிட முடியும், மதிப்பீட்டாளரையும் அதுவே நியமிக்கலாம். புதிய ஒதுக்கீட்டுக்கு முந்தைய 25 சதவீதத்தை வைத்தே விலை போட வேண்டும் என்று மனுவில் தெளிவாகக் கேளுங்கள், இதை விட்டுவிட்டால் பாதி வழக்கு போன மாதிரி.

கடித விஷயத்தில் நம் நீலகிரி, கேத்தியில் இருந்த நீடில் இண்டஸ்ட்ரீஸ் வழக்கை (உச்ச நீதிமன்றம், 1981) படியுங்கள். ரைட்ஸ் கடிதம் இங்கிலாந்துப் பங்குதாரருக்குக் காலம் கடந்துதான் போய்ச் சேர்ந்தது. அந்நியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கைக் குறைத்தாக வேண்டிய கட்டாயம் இருந்ததால் அதை ஒடுக்குமுறை என்று நீதிமன்றம் சொல்லவில்லை, ஆனாலும் பங்கின் மதிப்பு வித்தியாசத்தை அவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி உத்தரவிட்டது. உங்கள் கம்பெனிக்கு அந்த நேரத்தில் பணம் உண்மையிலேயே தேவைப்பட்டதா? பேங்க் கணக்கில் பணம் சும்மா கிடந்திருந்தால் உங்கள் பக்கம் பலம் கூடும்.

கோவைக்காரன்:
ரொம்ப நன்றி சார். டைரக்டர் பதவியிலிருந்து எடுத்ததை முதல் புகாராக வைக்கலாமா?

மயிலாப்பூர் வக்கீல்:
வேண்டாம். பதவி நீக்கம் மட்டுமே ஒடுக்குமுறை ஆகாது என்று டாட்டா - சைரஸ் மிஸ்திரி வழக்கில் 2021-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. டிவிடெண்ட் தரவில்லை என்பதும் தனியாக நிற்காது. ஆனால் மூன்று பேர் நம்பிக்கையில், கூட்டாளிகள் போலத் தொடங்கிய கம்பெனி, மூவருமே நிர்வாகத்தில் இருப்பது என்ற புரிதல் என்பதைப் பழைய கடிதம், மினிட்ஸ் (கூட்டக் குறிப்பு) வைத்துக் காட்டினால் அதே நீக்கத்துக்கு வேறு கனம் வரும். ஒதுக்கீட்டை முன்னால் வையுங்கள், சம்பளம் அடுத்து, நீக்கம் கடைசியில். ஃபவுண்டரி இடத்தை விற்கப்போவதாகத் தகவல் வந்தால் இடைக்காலத் தடையும் சேர்த்துக் கேளுங்கள். 3 வருடக் காலவரம்பு உண்டு, ஆகவே சமாதானப் பேச்சு நடக்கிறது என்று நாளைக் கடத்தாதீர்கள். அதுவரை அவர்கள் நீட்டுகிற எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், பழைய தேதி போட்ட ஒப்புதல் கடிதமாக இருந்தால் நிச்சயமாக வேண்டாம்.