ஒரு குளுக்கோஸுக்கு 38 ஏடிபியா, 32 ஏடிபியா? கணக்கு இடிக்கிறது

பதினோராம் வகுப்பு மாணவி:
வணக்கம். இரண்டு நாட்களாக ஒரே கணக்கோடு மல்லுக்கட்டுகிறேன். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து, செல் ஆற்றலுக்காகச் செலவிடும் மூலக்கூறான ஏடிபி 38 கிடைக்கும் என்று அண்ணனின் பழைய குறிப்பேட்டில் இருக்கிறது. நூலகத்தில் எடுத்த புத்தகமோ 30 அல்லது 32 என்கிறது. நானே கூட்டிப் பார்த்தேன். குளுக்கோஸ் உடையும் முதல் கட்டமான கிளைக்காலிசிஸில் நிகரமாக 2 ஏடிபி, பின்னர் வரும் கிரப்ஸ் சுழற்சியில் 2. இவை தவிர எலக்ட்ரான்களைச் சுமக்கும் மூலக்கூறுகள்: மொத்தம் 10 என்ஏடிஎச், 2 எஃப்ஏடிஎச்2. என்ஏடிஎச்சை மூன்றாலும் எஃப்ஏடிஎச்2ஐ இரண்டாலும் பெருக்கி எல்லாவற்றையும் கூட்டினால் 38 வருகிறது. எங்கே தவறு?

உயிரியல் ஆசிரியர்:
கூட்டல் சரிதான் அம்மா. பெருக்கும் எண்கள்தான் பழையவை.

என்ஏடிஎச் நேரடியாக ஏடிபியைச் செய்வதில்லை. அது தரும் எலக்ட்ரான்கள் எலக்ட்ரான் கடத்தும் புரதச் சங்கிலியில் இறங்கும்போது, செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வைத் தாண்டி 10 புரோட்டான்கள் வெளியே தள்ளப்படுகின்றன. அணையில் தேங்கிய நீர் மதகு வழியே பாய்வதுபோல அவை ஏடிபி சின்தேஸ் நொதி வழியே திரும்பும்போதுதான் ஏடிபி உருவாகிறது. பீட்டர் மிட்செல் 1961இல் இதைச் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏடிபி செய்யத் தேவையான பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரும் செலவையும் சேர்த்தால், ஒரு ஏடிபிக்கு ஏறத்தாழ 4 புரோட்டான்கள் தேவை. ஆகவே என்ஏடிஎச்சுக்கு 2.5. எஃப்ஏடிஎச்2 சங்கிலியின் முதல் படியைத் தவறவிடுவதால் 6 புரோட்டான்கள்தான், அதாவது 1.5. இனி 10 × 2.5 = 25; 2 × 1.5 = 3; நேரடியாகக் கிடைத்த 4. ஆக 25 + 3 + 4 = 32.

மாணவி:
நன்றி ஐயா. அரை ஏடிபி என்று ஒன்று உண்டா? 30 எப்படி வருகிறது?

உயிரியல் ஆசிரியர்:
அரை மூலக்கூறு கிடையாது. எல்லா என்ஏடிஎச்சும் தள்ளிய புரோட்டான்கள் ஒரே தேக்கத்தில் சேர்கின்றன, 2.5 என்பது சராசரி. அதிலும் சில புரோட்டான்கள் நொதியைத் தொடாமலே கசிந்துவிடும். பச்சிளம் குழந்தையின் பழுப்புக் கொழுப்பு அந்தக் கசிவால்தான் வெப்பம் தருகிறது!

உயிர்வேதியியல் ஆய்வு மாணவர்:
30க்கு நான் பதில் சொல்கிறேன். கிளைக்காலிசிஸ் நடப்பது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே, சைட்டோபிளாசத்தில். அங்கே உருவாகும் 2 என்ஏடிஎச்சால் உட்சவ்வைக் கடக்க முடியாது. எலக்ட்ரான்களை மட்டும் கைமாற்றிவிடும். கல்லீரலிலும் இதயத்திலும் அது இழப்பின்றி நடக்கிறது. எலும்புத் தசையில் உள்ள வேறொரு வழியில் எலக்ட்ரான்கள் எஃப்ஏடியிடம் போய்ச் சேர்ந்து அதை எஃப்ஏடிஎச்2 ஆக்குவதால், ஒவ்வொன்றுக்கும் 1.5தான். தேர்வில் உங்கள் பாடநூல் தரும் எண்ணை எழுதுங்கள். எந்தப் பெருக்கெண் என்பதையும் பக்கத்தில் குறியுங்கள்.

மாணவி:
போட்டுப் பார்த்தேன்: 8 × 2.5 = 20; 4 × 1.5 = 6; அதோடு 4. சரியாக 30 வந்துவிட்டது!