மாடியில் பட்டைச் செடி: துளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. யூரியா போடலாமா?

திருநகர் மாடி:
வணக்கம். நாகர்கோவில் பக்கத்து நர்சரியிலிருந்து வாங்கி வந்த பட்டைச் செடி, குழம்புக்குத் தாளிக்கிறோமே அதே பட்டைதான், இப்போது இடுப்பு உயரம் வளர்ந்து நிற்கிறது. பங்குனி வரை நன்றாக இருந்தது. அப்புறம் வந்த துளிர் சிவப்பாக வந்து, பச்சைக்கு மாறாமல் வெளிர் மஞ்சளாகவே நின்றுவிட்டது. இலையின் மூன்று நீள நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது. அடி இலைகள் பச்சையாகத்தான் இருக்கின்றன. சிலவற்றின் நுனி மட்டும் கருகியிருக்கிறது.

பாதியாக அறுத்த பிளாஸ்டிக் டிரம், செம்மண், தொழு உரம். அடியில் ஓட்டை இருக்கிறது, தண்ணீர் தேங்குவதில்லை. போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம், ஆர்.ஓ. கழிவுத் தண்ணீரும் சேரும். முட்டை ஓட்டுத் தூள், அடுப்புச் சாம்பல் போடுவதுண்டு. மேற்கு வெயில் முழுசாக விழும் இடம். பக்கத்து வீட்டில் யூரியா போடச் சொல்கிறார்கள். போடலாமா?

நத்தம் தோட்டக்காரர்:
யூரியா வேண்டாம் அக்கா. யூரியா தருவது தழைச்சத்து. அது குறைந்தால் அடி இலைதான் முதலில் மஞ்சளாகும். உங்களுக்குக் குருத்து இலை மஞ்சள், நரம்பு பச்சை. இது இரும்புச்சத்து இலைக்குப் போய்ச் சேராததன் அடையாளம். டிரம் விளிம்பிலோ மண் மேலோ வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? இருந்தால் கொஞ்சம் சுரண்டி, அதில் வினிகர் விட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

திருநகர் மாடி:
விளிம்பு முழுக்க வெள்ளை. வினிகர் விட்டதும் சோடா மாதிரி நுரைத்துப் பொங்கியது.

நத்தம் தோட்டக்காரர்:
அப்படியானால் அது சுண்ணாம்பு. செம்மண்ணில் இரும்பு நிறையவே உண்டு, அந்தச் சிவப்பே இரும்புதான். ஆனால் சுண்ணாம்பு ஏறி மண் காரமாகிவிட்டால் இரும்பு கரையாது, வேரால் எடுக்க முடியாது. பட்டை மலையடிவாரத்து மழையில், லேசான புளிப்பு மண்ணில் வளர்ந்து பழகிய செடி. நம் ஊர்ப் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். ஆர்.ஓ. கழிவு அதைவிட மோசம். வடிகட்டி ஒதுக்கிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது. நுனி கருகுவதற்கும் அந்த உப்புதான் காரணமாக இருக்கும். முட்டை ஓடும் சாம்பலும் காரத்தைக் கூட்டும். தக்காளிக்குப் போடுங்கள், இதற்கு வேண்டாம்.

முதலில் தண்ணீரை மாற்றுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர், மழைத் தண்ணீர், ஏசியில் சொட்டும் தண்ணீர் எதுவானாலும் சரி. ஒரு தடவை மட்டும் நல்ல தண்ணீரை நிறைய விட்டு, அடி ஓட்டை வழியாக உப்பு கழுவிப் போகும்படி ஊற்றுங்கள்.

இலைக்கு அன்னபேதி தெளிக்கலாம், அது இரும்பு உப்பு. உரக்கடையில் பெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். இளம்பச்சையாக இருக்க வேண்டும், துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருந்தால் வாங்காதீர்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் முதலில் லெமன் சால்ட் (சிட்ரிக் அமிலம்) 1 கிராம், பிறகு அன்னபேதி 5 கிராம். கரைத்த உடனே, வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கமும் நனையத் தெளியுங்கள். பத்துப் பதினைந்து நாள் விட்டு இன்னொரு முறை. தரையில் சிந்தினால் கறை போகாது, சாக்கு விரித்துக்கொள்ளுங்கள். தெளித்த இலைகளைச் சமையலுக்குப் பறிக்க வேண்டாம்.

ஒத்தக்கடை வாசகி:
அண்ணன் சொன்னதோடு ஒன்று. மேற்கு வெயிலிலிருந்து முதலில் நகர்த்துங்கள். இளம் பட்டைச் செடிக்கு நிழல் வேண்டும். கிழக்குப் பக்கம் வைத்து, மதியத்துக்குப் பச்சை வலை கட்டினால் அக்னி நட்சத்திரத்தையும் தாங்கும். மண் மேல் காய்ந்த இலைச் சருகைக் கனமாகப் போட்டு வையுங்கள். துளிரில் பச்சைப் புழு தெரிந்தால் மருந்து அடிக்காதீர்கள். கறுப்பு இறக்கையில் நீலப்பச்சைப் பட்டை ஓடும் வண்ணத்துப்பூச்சி ஒன்று இதில் முட்டை வைக்கும். நான்கைந்து இலை அதற்குப் போனால் போகட்டும், பார்க்க அவ்வளவு அழகு.

கே.கே. நகர்:
குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். இந்த இலையைத்தான் பிரியாணி இலை என்று விற்கிறார்களா?

நத்தம் தோட்டக்காரர்:
இல்லை தம்பி. நம் கடைகளில் கிடைக்கும் பிரியாணி இலை பெரும்பாலும் வட இந்திய மலைகளில் வளரும் வேறு மரத்தினுடையது. பட்டைக்கு நெருங்கிய உறவு, அதிலும் மூன்று நரம்புதான். பட்டை இலையைக் கசக்கினால் கிராம்பு வாசம் வரும். குழம்புக்குத் தாராளமாகப் போடலாம்.

திருநகர் மாடி:
இரண்டு முறை தெளித்தாயிற்று. குழாய்த் தண்ணீர்தான் ஊற்றுகிறேன். பழைய மஞ்சள் இலைகளில் பாதி அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் புதுத் துளிர் நல்ல பச்சைக்கு மாறிவிட்டது! மண்ணை இப்போதே மாற்றிவிடவா?

நத்தம் தோட்டக்காரர்:
கோடையில் வேரைத் தொடாதீர்கள். ஐப்பசி மழை பிடித்ததும் மாற்றுங்கள். செம்மண்ணோடு மக்கிய இலை உரமும் கழுவிய தேங்காய் நார்க் கழிவும் கலந்துகொள்ளுங்கள். வேர்க்கட்டி உடையாமல் எடுத்து வைக்க வேண்டும், பழைய மண்ணில் மேலே வெள்ளை படிந்த பகுதியை மட்டும் வழித்து எடுத்தால் போதும்.