சர்க்யூட் போர்டு அரிக்கும் ஃபெரிக் குளோரைடு: போர்டின் நடுவில் செம்பு கரையவே மாட்டேன் என்கிறது. கரைசல் செத்துப்போச்சா, இல்லை குளிரா?

பச்சைப்பலகை

எஸ்.பி. ரோட்டில் (பெங்களூர் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு) வாங்கிய ஃபெரிக் குளோரைடு, ஈரமான மஞ்சள் கட்டி. 100 கிராமை 500 மி.லி. தண்ணீரில் கரைத்திருக்கிறேன். போர்டு 10க்கு 10 செ.மீ., ஒற்றைப் பக்கம், 35 மைக்ரான் செம்பு, டோனர் டிரான்ஸ்ஃபர் (லேசர் பிரிண்ட் மையைக் காகிதத்திலிருந்து செம்பின் மேல் சூட்டில் ஒட்டுவது; மை மூடிய இடம் அரிக்காது). இதே கரைசலில் மூன்று போர்டு வந்தது, ஒவ்வொன்றுக்கும் முந்தையதைவிட நேரம் கூடுதல். நாலாவது ஒன்றரை மணி நேரம் கிடந்தும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் செம்பு அப்படியே நிற்கிறது. ஓரத்து அரை மி.மீ. டிராக்குகள் (மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகள்) அதற்குள் அரித்து அறுந்துவிட்டன. தட்டின் அடியில் காவிச் சேறு.

பெங்களூர் டிசம்பர் ராத்திரி, பால்கனியில் கரைசல் 18 டிகிரி. இன்னும் கொஞ்சம் பவுடர் சேர்த்தால் ஓடுமா, இல்லை கொட்டிவிட்டுப் புதுசாகக் கலக்கணுமா? கொட்டுவதானால் எங்கே?

சூடுதண்ணி

18 டிகிரியில் இது தூங்கும் ப்ரோ. அகலமான டப்பில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் கரைசல் தட்டை வைத்து 40–45க்குக் கொண்டு வாங்க. நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். நேரடியாக அடுப்பில் வைக்காதீங்க, 50க்கு மேலே போனால் அமில ஆவி மூக்கைப் பிடுங்கும். வெளியே இருக்கிற டப்பு பிளாஸ்டிக்காக இருக்கட்டும்.

மோல்கணக்கு

சூடு உதவும், மறுக்கவில்லை. ஆனால் இங்கே முதல் குற்றவாளி குளிர் இல்லை. முதல் மூன்று போர்டும் அதே பால்கனியில்தானே வந்தன?

கணக்கைப் பாருங்கள். 100 சதுர செ.மீ., 35 மைக்ரான் என்றால் 0.35 கன செ.மீ. செம்பு, அதாவது சுமார் 3.1 கிராம், 0.05 மோல் (மோல் என்பது அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு). ஒரு செம்பு அணுவுக்கு இரண்டு ஃபெரிக் குளோரைடு தேவை: செம்பு குப்ரிக் குளோரைடு ஆகும், இரண்டு ஃபெரிக்கும் ஃபெரஸ் (ஒரு எலக்ட்ரான் கூடிய, செம்பை அரிக்காத இரும்பு) ஆகும். உங்கள் மஞ்சள் கட்டி ஆறு தண்ணீர் மூலக்கூறு சேர்ந்த ஹெக்ஸாஹைட்ரேட். மோலுக்கு 270 கிராம், அதில் 60 சதவீதம்தான் ஃபெரிக் குளோரைடு. ஆக முழுப் போர்டும் கரைய 27 கிராம் கட்டி. மூன்றில் ஒரு பங்கு செம்பு டிராக்காக மிஞ்சும் என்று வைத்தால் போர்டுக்கு 18 கிராம். மூன்று போர்டுக்கு 54 கிராம்.

ஏட்டளவில் பாதி மிச்சம் இருக்கிறதே என்பீர்கள். பாதியைத் தாண்டிய கரைசல் நடைமுறையில் படுத்துவிடும். ஃபெரிக் குறைகிறது, ஃபெரஸும் செம்பும் ஏறுகின்றன, இரண்டும் எதிர்ப்பக்கம் இழுக்கின்றன. உங்களுடையது தொடக்கத்திலேயே 10 சதவீதக் கரைசல், லிட்டருக்கு 0.7 மோல்கூட இல்லை. 500 கிராம் கட்டிக்கு 500 மி.லி. தண்ணீர் என்று கலந்தால் 30 சதவீதம் வரும், அது லிட்டருக்கு 2.4 மோல் பக்கம். அதுதான் வேலை செய்கிற செறிவு. 40ஐத் தாண்டினால் பாகு மாதிரி ஆகி மறுபடி மெதுவாகும்.

எப்போதும் தண்ணீரில்தான் கட்டியைப் போடணும், கண்ணாடி, கையுறையோடு. கடையில் கருப்பாக மின்னும் உலர்ந்த தூள் கொடுத்தால் அது தண்ணீர் சேராத ரகம். எடையில் 60 சதவீதம் போதும், ஆனால் தண்ணீரில் விழுந்ததும் சீறிச் சூடாகும், சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள்.

காவிச் சேறு வேறு கதை. ஃபெரிக் அயனி தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ராக்ஸைடாக இறங்குகிறது, நீர்த்த கரைசலில் அது இன்னும் எளிது. லிட்டருக்கு 20 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அடங்கும். அந்தக் கடும் அமிலம் வேண்டாம் என்றால் சிட்ரிக் அமிலம் கொஞ்சம் போடலாம், அது இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செதுக்கோவியர்கள் 'எடின்பரோ எட்ச்' என்று சொல்வது ஃபெரிக் குளோரைடு, சிட்ரிக் அமிலம் என்ற இந்தக் கூட்டணியைத்தான்.

டிராக்தேய்ப்பான்

செறிவு சரியானாலும் போர்டை முகம் மேலே வைத்துப் படுக்கப் போட்டால் இதே கதைதான் சார். ஓரத்தில் புதுக் கரைசல் வந்து போகும். நடுவில் செலவான, கனமான கரைசலும் சேறும் மெத்தை மாதிரி படியும். நடுப்பகுதி முடியட்டும் என்று காத்திருக்கும் நேரத்தில் ஓர டிராக்கின் பக்கவாட்டைக் கரைசல் குடைந்துவிடும். உங்கள் அரை மி.மீ. டிராக் போனது அதனால்தான்.

போர்டின் பின்பக்கம் இரண்டு முனையில் இன்சுலேஷன் டேப்பைக் கைப்பிடி மாதிரி ஒட்டி, செம்பு கீழே பார்க்க மிதக்க விடுங்கள். கனமான திரவம் தானாகக் கீழே இறங்கும். ஒரு ஓரத்தை முதலில் நனைத்துச் சாய்த்து இறக்கணும், இல்லாவிட்டால் காற்றுக் குமிழ் மாட்டி அங்கே வட்டமாகச் செம்பு நிற்கும். நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அல்லது போர்டை நிறுத்தி வைத்து மீன்தொட்டிப் பம்பால் காற்று விடலாம்.

நடுவில் நிற்கும் செம்பின் விளிம்பு கோடு வெட்டினாற்போலக் கூர்மையாக இருந்தால் அது வேதியியல் இல்லை, டோனர் காகிதத்தின் பசையோ விரல் எண்ணெயோ செம்பை மூடியிருக்கிறது. ஸ்காட்ச் பிரைட்டால் தேய்த்து, ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, அதற்கப்புறம் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எடுத்ததும் வெறும் தண்ணீரில் கழுவினால் சிலசமயம் வெளுத்த படலம் மிஞ்சும். அது குப்ரஸ் குளோரைடு, தண்ணீரில் கரையாது. அப்படியே விட்டால் நாளாவட்டத்தில் பச்சை பிடித்து, டிராக்குக்கு டிராக் கசிவு வரும். முதலில் உப்பு கலந்த சிட்ரிக் அமிலக் கரைசலில் ஒரு நிமிடம், பிறகு நிறையத் தண்ணீர், கடைசியில் ஆர்.ஓ. தண்ணீர்.

பச்சைப்பலகை

நன்றி, முகம் மேலேதான் வைத்திருந்தேன். ஹைட்ரஜன் பெராக்ஸைடு விட்டால் பழைய கரைசல் உயிர் பெறும் என்கிறார்கள். பிளீச்சிங் பவுடரும் அதே வேலை செய்யும் என்று ஒருவர் சொன்னார்.

மோல்கணக்கு

பிளீச்சிங் பவுடரைத் தொடவே தொடாதீர்கள். இது அமிலக் கரைசல், குளோரின் வாயு கிளம்பும். மூடிய பால்கனியில் அது விளையாட்டு இல்லை.

பெராக்ஸைடும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் ஃபெரஸ் மறுபடி ஃபெரிக் ஆகும், உண்மைதான். ஆனால் கரைந்த செம்பு உள்ளேயே இருக்கும், கொள்ளளவும் பெருகிக்கொண்டே போகும், அமிலம் கூடினால் இங்கேயும் குளோரின். 100 கிராம் கட்டிக்காக இந்தப் பாடு வேண்டாம்.

அப்புறப்படுத்தும் முறை இது. கட்டடக் கம்பி கட்டுகிற கருப்புக் கட்டுக்கம்பியைச் சுருட்டி உள்ளே போடுங்கள். ஃபெரிக் முதலில் இரும்பைத் தின்று ஃபெரஸ் ஆகும், பிறகு செம்பு சிவப்புப் பொடியாக உதிரும். நியம மின்முனை அழுத்தம் செம்புக்கு +0.34 வோல்ட், இரும்புக்கு −0.44, குறைவாக உள்ள இரும்புதான் கரைந்து செம்பை வெளியே தள்ளும், சண்டையே இல்லை. இதில் ஒரு அழகு: எத்தனை போர்டு போட்டீர்கள் என்பது கணக்கிலேயே வராது. தொடக்கத்தில் போட்ட ஃபெரிக் குளோரைடில் பாதி மோல் இரும்பு போதும். உங்களுக்கு 0.37 மோல், ஆக 10.3 கிராம். அமிலமும் கொஞ்சம் தின்னும், 25 கிராமாகப் போடுங்கள். ஹைட்ரஜன் வரும், மூடியை இறுக்க வேண்டாம்.

பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் வேண்டாம். அது ஸ்டெயின்லெஸ், அதிலுள்ள குரோமியம் கரைசலில் இறங்கிவிடும். காந்தம் ஒட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள், ஸ்டெயின்லெஸிலேயே 410, 430 ரகங்களும் ஒட்டும். நாக முலாம் பூசிய ஆணியும் வேண்டாம்.

ஓரிரு நாளில் கரைசல் வெளிர் பச்சையாகும். சுத்தமான இரும்பு ஆணியை ஐந்து நிமிடம் முக்கிப் பாருங்கள், சிவப்பு ஏறாவிட்டால் செம்பு போய்விட்டது. செம்பை வடிகட்டி எடுத்துவிட்டு, பெரிய வாளியில் சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள், நுரை பொங்கும். உலர்ந்த தூளானால் 60 கிராம், படிகமானால் 160. பிஹெச் தாளில் 8 காட்டினால் நிறுத்தலாம்.

சூடுதண்ணி

பால்கனிக் குழாயில் மட்டும் செம்புக் கரைசலை விட்டுடாதீங்க. இங்கே நிறைய கட்டடத்தில் அது ராஜகால்வேக்கு (பெங்களூரின் பெரிய மழைநீர்க் கால்வாய்) போய், ஏதோ ஒரு ஏரியில் முடியும். மீனுக்கும் பாசிக்கும் செம்பு விஷம்.

வாளியைச் சமையலறை ஸ்டீல் சிங்க்கிலும் வைக்காதீங்க. ஸ்டெயின்லெஸ் எங்கே ஊசித் துளை விழும் என்று சோதிக்கவே ஏஎஸ்டிஎம் ஜி48 என்ற தரச் சோதனை முறையில் 6 சதவீத ஃபெரிக் குளோரைடைத்தான் பயன்படுத்துறாங்க. டைல்ஸில் காவிக் கறை பட்டால் 5 சதவீத ஆக்ஸாலிக் அமிலம் எடுக்கும், கையுறை அவசியம். மார்பிளில் போடாதீங்க, கல்லையே அரிக்கும்.

பச்சைப்பலகை

ஆணி சோதனை தேறியது. சோடா போட்டதும் அழுக்குப் பச்சைக் கூழாகிவிட்டது, துணியில் இறங்கவே மாட்டேன் என்கிறது.

மோல்கணக்கு

பச்சை சரிதான், அது ஃபெரஸ். ஒரு ராத்திரி திறந்து வைத்து இடையிடையே கிளறுங்கள், காவியாகும். பிஹெச் இறங்கியிருந்தால் இன்னும் ஒரு கரண்டி சோடா. முழுவதையும் துணியில் ஊற்றாதீர்கள். தெளிய விட்டு மேல்நீரை மட்டும் சாய்த்து எடுங்கள், அது 65 கிராம் உப்புக் கரைத்த தண்ணீர்தான், கழிவறையில் ஊற்றலாம். அடியில் இருப்பதைப் பழைய வேட்டித் துணியில் கட்டி, தயிரை வடிய விடுகிற மாதிரித் தொங்கவிடுங்கள். காய்ந்ததைப் பையில் கட்டி, உள்ளே என்ன என்று எழுதி, ரசாயனக் கழிவு எடுக்க ஏற்பாடு உள்ள கல்லூரி ஆய்வகம் ஏதாவது தெரிந்தால் கொடுத்துவிடுங்கள். செம்புப் பொடியைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மொத்தம் 8 கிராம் பக்கம் தேறும்.