டிங்கர் அண்ணனுக்கு எப்படி உதவலாம்?

கேள்வி:
புதுச்சேரியில் பழைய அம்பாசடர், பியட், ஜீப்புக்கெல்லாம் கையாலேயே தகடு தட்டி பாடி கட்டித் தருகிற டிங்கர் அண்ணனை இங்கே பலருக்குத் தெரியும். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் மழையில் பட்டறைக்குள் தண்ணீர் புகுந்து வெல்டிங் மெஷின், கம்ப்ரசர் எல்லாம் போச்சு, அதிலிருந்து மனுஷன் எழவே இல்லை, வாடகை வேறு பாக்கி. பணமாகக் கொடுத்தால் வாங்க மாட்டார். என்ன செய்யலாம்?

பதில் 1:
வேலையாகக் கொடுங்க, முன்பணத்தோடு. அம்பாசடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது, நல்ல மட்கார்டு கிடைப்பது குதிரைக்கொம்பு. இவர் மணல் மூட்டைமேல் தகட்டை வைத்து மரச்சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்து, கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், மயிரிழை மேடு இருந்தாலும் மறுபடி தட்டுவார். பட்டிப் பசை பூசி மேடு பள்ளத்தை மறைக்கிற ஜோலியே கிடையாது.

பதில் 2:
சரிதான், ஆனால் ஜீப்பை நீட்டு, கூரையை வெட்டு என்று கேட்காதீங்க. கம்பெனி கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது, மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு. ஆர்.சி.க்கே சிக்கல் வரும். துருப்பிடித்த தகட்டை அதே அளவில் மாற்றுகிற வேலை என்றால் தாராளமாகக் கொடுக்கலாம்.

பதில் 3:
கடலூர் முதுநகரில் எங்கள் ஷெட்டில் ஒரு வெல்டிங் செட் சும்மா கிடக்கிறது. இனாம் என்றால் கோபப்படுவார், இரவல் என்றே சொல்லுவோம். ஞாயிற்றுக்கிழமை ஏற்றிவர டாடா ஏஸ் யாரிடம் இருக்கு?