வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு வால்வு ஆபரேஷன்: முதல்வர் காப்பீட்டு அட்டை கிடைக்குமா?

கேள்வி: திருப்பூர் வாசகி

எங்கள் தெருவில் நான்கைந்து வீடுகளில் வேலை செய்யும் அக்காவுக்காகக் கேட்கிறேன். வயது 46. கொஞ்ச நாளாகவே மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, ராத்திரி படுத்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்ததில் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிவிட்டது, மாற்றித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சலின் விளைவாம். தனியாரில் மூன்று லட்சத்துக்குக் குறையாது என்கிறார்கள்.

எந்த இன்சூரன்ஸும் கிடையாது. மாதம் ஏழாயிரம் சம்பாதிக்கிறார், கணவர் இறந்துவிட்டார். ரேஷன் கார்டு இன்னும் சிவகங்கை மாவட்ட முகவரியில்தான் இருக்கிறது, அதில் இவரும் மகனும் மட்டும். மகன் இங்கே ஒரு பனியன் கம்பெனியில் வேலை, 13,000 சம்பளம், பேங்க்கில் வருகிறது. முதல்வர் காப்பீட்டுத் திட்டத்தில் இவரைச் சேர்க்க முடியுமா, மகன் சம்பளத்தையும் கணக்கில் எடுப்பார்களா, பழைய முகவரி தடையாகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அவர் ரொம்பப் பயந்துபோயிருக்கிறார்.

பதில்: காப்பீட்டு கவுண்ட்டரில் இருந்தவன்

சகோதரி, முதலில் அவர் குடும்பத்துக்கு ஏற்கெனவே அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நிறையப் பேருக்கு 2012-ல் திட்டம் தொடங்கியபோதே பதிவாகி, அட்டை பெட்டியில் எங்கேயோ கிடக்கும், அவர்களுக்கே தெரியாது. 1800 425 3993 என்ற இலவச எண்ணில் ரேஷன் அட்டை எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் 2018-ல் இதோடு இணைந்தபோது 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் ஏழைக் குடும்பம் என்று பதிவானவர்களும் உள்ளே வந்தார்கள், அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் வருமானச் சான்று பிரச்சினையே வராது. கிராமத்துக் கார்டு என்பதால் வாய்ப்பு இருக்கிறது, கட்டாயம் விசாரியுங்கள்.

இல்லையென்றால் புதிதாக எடுக்க வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும், போட்டோ எடுத்துப் பதிந்துகொள்வார்கள். பழைய முகவரி தடையில்லை, ஆனால் வருமானச் சான்று அந்த முகவரிக்குரிய விஏஓ வழியாக வருவதால் ஒரு முறை ஊருக்குப் போக வேண்டியிருக்கலாம். அட்டை வந்துவிட்டால் மாநிலத்தில் எந்த மாவட்டத்திலும் செல்லும்.

சிக்கல் வருமானத்தில்தான். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மகன் அதே கார்டில் இருப்பதால் அவர் சம்பளமும் சேரும், அது ஒன்றே வருடத்துக்கு 1,56,000 ஆகிறது. இதை மறைத்துச் சான்று வாங்குங்கள் என்று நான் சொல்ல மாட்டேன்.

வால்வு மாற்று அறுவை திட்டத்தில் உண்டு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை. பணம் கட்டிவிட்டுப் பிறகு திரும்ப வாங்கும் முறை இதில் இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள். ஆஸ்பத்திரிதான் எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாவற்றையும் அனுப்பி முன் அனுமதி வாங்க வேண்டும், அதன் பிறகுதான் ஆபரேஷன். அவசரமென்று பணம் கட்டிச் சேர்ந்துவிட்டு அப்புறம் அட்டையைக் காட்டும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு ஒன்றும் செய்து கொடுக்க முடிந்ததில்லை.

பதில்: சிங்காநல்லூர் பக்கம்

மகன் பனியன் கம்பெனியில் வேலை என்கிறீர்களே, அவருக்கு இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடிக்கிறார்களா? அதை முதலில் கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து, கம்பெனியில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் இஎஸ்ஐ கட்டாயம். சம்பளத்தில் 0.75 சதவீதம் தொழிலாளியிடம் பிடிப்பார்கள், 3.25 சதவீதம் கம்பெனி கட்டும். 13,000 சம்பளம் என்றால் சம்பளச் சீட்டில் 98 ரூபாய் போல ஒரு பிடித்தம் இருக்கும்.

நிறையப் பையன்களுக்குத் தெரியாத விஷயம், இஎஸ்ஐயில் அம்மா அப்பாவையும் சேர்க்கலாம். பெற்றோரின் சொந்த வருமானம் மாதம் 9,000-க்குள் இருக்க வேண்டும். அக்காவுக்கு ஏழாயிரம்தான், ஆகவே சேர்த்துவிடலாம். கம்பெனி அலுவலகத்தில் சொல்லிக் குடும்ப விவரத்தில் அம்மா பெயரையும் ஆதாரையும் ஏற்றச் சொல்லுங்கள், இழுத்தடித்தால் மகன் நேராக இஎஸ்ஐ கிளை அலுவலகத்துக்கே போகலாம். பிறகு இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் காட்டி, அங்கிருந்து இஎஸ்ஐ ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்க வேண்டும். இதய அறுவை மாதிரிப் பெரிய சிகிச்சைக்கு அவர்களோடு ஒப்பந்தம் உள்ள ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, செலவை இஎஸ்ஐயே ஏற்கும். பெரிய சிகிச்சைக்குச் சில மாதச் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்று விதி உண்டு, மகன் எப்போது சேர்ந்தார் என்று பாருங்கள்.

அலைச்சல் இருக்கும், வரிசையில் நிற்க வேண்டும். ஆனால் அந்தச் சம்பளம் எந்தக் கதவை மூடுகிறதோ அதே சம்பளம்தான் இந்தக் கதவைத் திறக்கிறது.

பதில்: மானாமதுரை

நல்ல வழி. ஆனால் மகன் கம்பெனியில் இல்லாமல் கான்ட்ராக்டரிடம் பீஸ் ரேட்டில் தைப்பவராக இருந்தால்? இஎஸ்ஐயும் பிடிக்காமல் இருக்கலாம், இருவரின் வருமானமும் சேர்ந்து 1,20,000-ஐத் தாண்டிவிடும், காப்பீடும் கிடைக்காது. என் கோபம் அந்த எண்ணின் மேல்தான். 72,000 என்று இருந்ததை 2022-ல்தான் 1,20,000 ஆக்கினார்கள். மாதத்துக்குப் பத்தாயிரம். கணவன் மனைவி இருவரும் சித்தாள் கொத்தனார் வேலைக்குப் போனாலே தாண்டிவிடும், அவர்கள் வசதியானவர்களா? தனியார் பாலிசி எடுக்கவும் அவர்களால் முடியாது, ஒரு இதய நோய் வந்தால் நகை, நிலம், கந்துவட்டி என்று எல்லாம் போகும். கையில் கூலி வாங்குகிறவருக்கு விஏஓ எழுதுவதுதான் வருமானம், பேங்க்கில் சம்பளம் வாங்குகிற பையனின் அம்மாவுக்கு மட்டும் கதவு மூடுகிறது. இந்த வரம்பை இரண்டு மடங்காவது ஆக்க வேண்டும் என்று எங்கள் எம்எல்ஏவிடம் மனு கொடுத்தோம், எல்லா ஊரிலிருந்தும் கொடுக்க வேண்டும்.

இன்னொன்று, அட்டை இல்லாவிட்டால் அரசு ஆஸ்பத்திரியில் பார்க்க மாட்டார்கள் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். கோவை, மதுரை, சென்னை ராஜீவ் காந்தி எல்லாவற்றிலும் இதய அறுவைப் பிரிவு இருக்கிறது. அட்டை இருந்தால் வால்வுக்கான பணம் காப்பீட்டிலிருந்து அந்த ஆஸ்பத்திரிக்கே வரும், அவர்களுக்கும் வேலை சுலபம். இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் நேராகப் போய்ச் சொல்லுங்கள்.

பதில்: வேலூர் மகள்

அப்பாவுக்கு ஆஞ்சியோ செய்து ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாய் அடைக்காமல் தாங்கும் சின்ன வலைக்குழாய்) வைத்தது இந்தத் திட்டத்தில்தான், அதனால் எழுதுகிறேன். சேர்த்த தனியார் ஆஸ்பத்திரியில் முன் அனுமதி வந்த பிறகு, "நல்ல ஸ்டென்ட் வேண்டுமென்றால் நாற்பதாயிரம் தனியாகக் கட்டுங்கள்" என்றார்கள். அம்மா தாலிச் செயினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார். நான் அங்கேயே அந்த 1800 எண்ணுக்குப் போன் போட்டு, ஆஸ்பத்திரி பெயர், வார்டு, யார் கேட்டார்கள் எல்லாம் சொன்னேன். அன்று மாலையே பணம் வேண்டாம் என்றுவிட்டார்கள். சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

படுக்கை, மருந்து, அறுவை, உள்ளே வைக்கும் பொருள் எல்லாம் சேர்த்துத்தான் அரசு தொகை கொடுக்கிறது. தனியாகக் கேட்டால் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டிய நிலை என்றால் ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

திருப்பூர் வாசகி

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மகனிடம் சம்பளச் சீட்டைக் கேட்டேன், இஎஸ்ஐ பிடித்தம் இருக்கிறது, ஒன்றரை வருடமாகக் கட்டியிருக்கிறார்கள்! அவனுக்கே இது எதற்கு என்று தெரியவில்லை. அம்மா பெயரைச் சேர்க்க நாளைக்குக் கம்பெனியில் பேசுகிறான், சிவகங்கை கார்டு பழைய பட்டியலில் இருக்கிறதா என்று நான் போன் செய்து பார்க்கிறேன். இன்னொரு சந்தேகம், ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரைச் செலவு?

பதில்: காப்பீட்டு கவுண்ட்டரில் இருந்தவன்

கேட்டது நல்லது, நிறையப் பேர் இதை விட்டுவிடுவார்கள். உலோக வால்வு வைத்தால் ரத்தம் உறையாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை உண்டு, ஐஎன்ஆர் என்ற ரத்தப் பரிசோதனையும் விடாமல் செய்து மாத்திரை அளவைச் சரிபார்க்க வேண்டும். செலவுக்குப் பயந்து நிறுத்தினால் வால்வில் ரத்தம் கட்டி உயிருக்கே ஆபத்து. முதல்வர் காப்பீடு பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்து எடுக்கும் சிகிச்சைக்குத்தான், மாதாமாதம் மாத்திரைக்கு அதை நம்ப முடியாது, அதற்கு அரசு ஆஸ்பத்திரிதான். இஎஸ்ஐ என்றால் மகன் வேலையில் இருக்கும்வரை டிஸ்பென்சரியிலேயே கிடைக்கும். அவர் கம்பெனி மாறினாலும் அதே இஎஸ்ஐ எண்ணைப் புது இடத்தில் கொடுக்கச் சொல்லுங்கள்.

எக்கோ ரிப்போர்ட்டின் அசலை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள், நகல் மட்டும் கொடுங்கள். மூச்சுத் திணறல் அதிகமானால் இஎஸ்ஐ வேலை முடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட்டு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்துவிடுங்கள்.