பின்வளவில் கிரானி பிளாட்: குறுக்கே கழிவுநீர்க் குழாய் போகிறது, என்ன செய்யலாம்?

வளவுக்காரி

வணக்கம். நாங்கள் சிட்னியில், டூங்காபியில் இருக்கிறோம். காணி 50 அடிக்கு 120 அடி, அதாவது ஏறக்குறைய 557 சதுர மீற்றர். முன்னால் பழைய செங்கல் வீடு, பின்னால் ஒரு ஃபைப்ரோ (சீமெந்துத் தகட்டு) கொட்டகை, மிச்சம் புல். அம்மாவும் அப்பாவும் கோப்பாயிலிருந்து வந்து இரண்டு வருடமாகிறது. மூன்று அறை வீட்டில் இப்போது ஏழு பேர். அப்பா இரவில் நாலைந்து தரம் எழும்புகிறவர். பிள்ளைகளின் நித்திரை குழம்பிவிடும் என்று லைட் போடாமல் சுவரைத் தடவிக்கொண்டே நடப்பார். போன மாதம் குசினிக்கும் லோன்றிக்கும் நடுவிலுள்ள படியில் தடக்கி விழுந்துவிட்டார். நல்ல காலம், எலும்பு முறியவில்லை. ஆனால் அன்றைக்கே முடிவெடுத்துவிட்டோம், அவர்களுக்கென்று பின்வளவில் ஒரு சிறிய வீடு, அதாவது கிரானி பிளாட், கட்டுவதென்று.

ஒரு பில்டர் வந்து பார்த்து, 10 மீற்றருக்கு 6 மீற்றர், 60 சதுர மீற்றரில் இரண்டு அறை பிளான் போட்டுத் தந்தார். பின் வேலியிலிருந்து 3 மீற்றர் தள்ளி, பக்க வேலியிலிருந்து 90 சென்றிமீற்றர் தள்ளி. எல்லாம் விதிக்குள் அடங்குகிறது, கவுன்சிலுக்குப் போகத் தேவையில்லை, தனியார் சேர்ட்டிஃபயரே அனுமதி தந்துவிடுவார் என்றார். பிளானை, தண்ணீரும் கழிவுநீரும் பார்க்கும் சிட்னி வாட்டரின் இணைய வழியில் போட்டபோதுதான் சிக்கல் வந்தது. பொதுக் கழிவுநீர்க் குழாய் எங்கள் பின்வளவில் குறுக்காகப் போகிறதாம், புது வீடு அதன் மேலேயே உட்காருகிறதாம். ஒருங்கிணைப்பாளர் ஒருவரைப் பிடித்துப் பொறியியல் மதிப்பீடு செய்யவேண்டும் என்று பதில் வந்திருக்கிறது. குழாயைச் சுற்றி கொன்கிரீட் போட 18,000 டொலர் மேலதிகமாகும் என்கிறார் பில்டர். இது போதாதென்று காணி பின்பக்கமாகச் சரிகிறது, மழைத்தண்ணீரை வீதிக்கு எப்படிக் கொண்டுபோவது என்றும் தெரியவில்லை.

இந்த வாரமே கையெழுத்து வைத்து 20 சதவீதம் முற்பணம் கட்டினால் விலையைக் கூட்டமாட்டேன் என்கிறார். நாங்கள் என்ன செய்வது? இந்தச் செலவு உண்மையிலேயே தேவைதானா?

பென்டில்ஹில் வாசி

எங்களுக்கும் இதுவேதான் நடந்தது தங்கச்சி. இடம் போதாததால் கொன்கிரீட் போட்டுத்தான் கட்டினோம். நடக்காத காரியமில்லை, ஆனால் வேலை தொடங்கவே இரண்டு மாதம் பிந்திவிட்டது. உங்களுக்கு இடம் இருக்கும்போல் தெரிகிறது. அவசரப்பட்டுக் கையெழுத்து வைக்காதீர்கள்.

கோடுபோடுகிறவன்

அக்கா, நான் சிட்னியில் பிளான் வரையும் வேலை செய்கிறேன். முதலில் முற்பணத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் வீடு கட்டும் ஒப்பந்தத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் முற்பணம் கேட்கச் சட்டத்தில் இடமில்லை. வேலை 20,000 டொலரைத் தாண்டினால் பில்டர் உங்கள் பெயரில் வீடு கட்டும் இழப்பீட்டுக் காப்புறுதி எடுத்து, அதன் சான்றிதழைக் கையில் தரவேண்டும். அதற்கு முன்னர் ஒரு சதமும் வாங்கக்கூடாது. கையெழுத்து வைத்த பிறகும் மனம் மாற 5 வேலை நாள் உண்டு. 20 சதவீதம் கேட்கிறவருக்கு இது தெரியாமல் இருக்காது. லைசென்ஸ் எண்ணை வாங்கி அரசின் பதிவேட்டில் தேடிப் பாருங்கள்.

இனிக் குழாய்க்கு வருவோம். எனக்கு இரண்டு அளவு வேண்டும்: குழாய் பின் வேலியிலிருந்து எத்தனை மீற்றர் தள்ளி ஓடுகிறது, அதன் அடிமட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? இதை வரைபடத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. தோண்டுவதற்கு முன் பார்க்கவென்று 'பிஃபோர் யூ டிக்' சேவையில் இலவசமாகக் கிடைக்கும் படம் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்றுதான் காட்டும். அந்த ஒருங்கிணைப்பாளரிடம் சொன்னால் ஆள் நேரில் வந்து, மூடியைத் திறந்து அளந்து, புல்லில் முளை அடித்துத் தருவார்கள். 'பெக் அவுட்' என்று கேளுங்கள். உங்கள் பில்டர் பிளான் போடுவதற்கு முன்னரே செய்திருக்க வேண்டிய வேலை இது. நிலத்துக்கு அடியில் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் மேலே கோடு போட்டால் இப்படித்தான் முடியும்.

கூடவே வீட்டின் சொந்தக் கழிவுக் குழாய்ப் படத்தையும் எடுங்கள், 'சூவர் சர்வீஸ் டயகிராம்' என்பார்கள். அதை ஏன் கேட்கிறேன் என்று அளவுகள் வந்ததும் சொல்கிறேன்.

வளவுக்காரி

தம்பி, மிக்க நன்றி. பெக் அவுட் இன்று முடிந்தது. குழாய் பின் வேலியிலிருந்து 4.6 மீற்றரில், வேலிக்குச் சமாந்தரமாகப் போகிறது. அடிமட்டம் 1.7 மீற்றர் ஆழம். எங்கள் வீட்டின் பின்சுவரிலிருந்து பின் வேலிக்கு 17.1 மீற்றர். அதில் 3 மீற்றருக்குப் பழைய பெர்கோலா ஒன்று நிற்கிறது. முளைகளுக்கு நடுவில் அப்பா கயிறு கட்டிவிட்டு, பில்டரின் பிளானைக் கையில் வைத்துக்கொண்டு நின்று பார்த்தார். குழாய் சரியாக அவர்களுடைய படுக்கை அறைக்கு அடியில் போகிறது.

கோடுபோடுகிறவன்

நல்ல செய்தி அக்கா. கொன்கிரீட் தேவைப்படாது என்றே நினைக்கிறேன்.

குழாயின் அடிமட்டத்திலிருந்து இரண்டு பக்கமும் 45 பாகையில் மேல்நோக்கி ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அந்த V வடிவத்துக்குள் அத்திவாரத்தின் பாரம் விழுந்தால்தான் பிரச்சினை. 1.7 மீற்றர் ஆழம் என்றால் நிலமட்டத்தில் அந்தக் கோடு குழாயிலிருந்து 1.7 மீற்றர் தூரத்தில் வெளியே வரும். புது வீட்டின் பின்சுவரைக் குழாயிலிருந்து 2.2 மீற்றர் தள்ளி வைத்தால் பாரம் முழுவதும் வெளியேதான் விழும். குழாயை யாரும் தொடவேண்டியதில்லை. ஆழத்துக்குத் தூண் இறக்கும் செலவும் இல்லை.

கணக்கைப் பாருங்கள். பின்சுவர் வேலியிலிருந்து 6.8 மீற்றர். வீட்டின் ஆழம் 6. முன்சுவர் 12.8 இல் வரும். உங்கள் வீட்டுப் பின்சுவர் 17.1 இல். நடுவில் 4.3 மீற்றர் இடைவெளி கிடைக்கும். ஒரே காணியில் இரண்டு வீடுகளுக்கு இடையில் 1.8 மீற்றருக்குக் குறைந்தால் சுவர் ஒரு மணி நேரம் தீ தாங்கும் வகையில் இருக்கவேண்டும். உங்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை. ஆனால் பெர்கோலாவைக் கழற்றத்தான் வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு வீடும் வெளிச்சம் இல்லாமல் முட்டிக்கொண்டு நிற்கும். 24 சதுர மீற்றர் திறந்த வெளி கேட்பார்கள். அது குழாய் போகிற பின்பக்கத்திலேயே கிடைத்துவிடும்.

இனிச் சொந்தக் குழாய்ப் படம். பொதுக் குழாய் பின்னால் இருந்தால், உங்கள் வீட்டுக் கழிவு முழுவதும் வளவைக் கடந்துதான் அங்கே போய்ச் சேரவேண்டும். வீட்டை முன்னுக்கு நகர்த்தும்போது அந்தப் பழைய லைன் புது சிலாப்புக்கு (கொன்கிரீட் தளத்துக்கு) அடியில் மாட்டிக்கொள்ளலாம். உங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் சுட்ட மண் குழாய்தான் இருக்கும். சிலாப் போடுவதற்கு முன்னரே பிளம்பரை வைத்து அதைப் பக்கவாட்டால் பிவிசியில் திருப்பிவிடுங்கள். இதற்கும் காசு ஆகும், ஆனால் 18,000 ஆகாது.

மழைத்தண்ணீர்: காணி எவ்வளவு சரிகிறது?

வளவுக்காரி

முன் எல்லைக்கும் பின் வேலிக்கும் 90 சென்றிமீற்றர் வித்தியாசம் என்று நில அளவைப் படத்தில் இருக்கிறது. பின்வீட்டுக்காரரின் வளவால் குழாய் போட அனுமதி கேட்டோம். அவருக்கு விருப்பமில்லை.

கோடுபோடுகிறவன்

90 தான் என்றால் அவருடைய அனுமதி இல்லாமலே செய்யலாம். புது வீட்டின் கூரைப் பீலி நிலத்திலிருந்து 2.6 மீற்றர் உயரத்தில் இருக்கும். அங்கே நிலம் முன் எல்லையைவிட ஒரு 65 சென்றிமீற்றர் பதிவு என்று வைத்தாலும், வீதி ஓரத்தைவிடப் பீலி கிட்டத்தட்ட 2 மீற்றர் உயரம். பீலியிலிருந்து வீதிவரை குழாயை ஒட்டி மூடிவிட்டால், தண்ணீர் தன் பாரத்தாலேயே வீதிக்கு ஏறிவிடும். 'சார்ஜ்ட் லைன்' என்று சொல்வார்கள். ஆகப் பதிவான இடத்தில் துப்புரவாக்க ஒரு வாய் வையுங்கள். குழாயில் எப்போதும் தண்ணீர் தேங்கியே நிற்கும் என்பதால் சருகு வந்து அடையும். இது கூரைத்தண்ணீருக்கு மட்டும். சீமெந்து முற்றத்தில் விழும் தண்ணீர் இதற்குள் ஏறாது, ஆகவே நடைபாதை தவிர மற்ற இடத்தைப் புல்லாகவே விடுங்கள். கணக்கை ஒரு நீரியல் பொறியியலாளரின் கையெழுத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, டூங்காபி ஓடைப் பக்கம் வெள்ளம் வரும் இடங்கள் இருக்கின்றன. 10.7 திட்டமிடல் சான்றிதழைக் கவுன்சிலில் எடுத்துக் காணிக்கு வெள்ளக் கட்டுப்பாடு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கதை மாறும். உங்கள் ஊர் மூன்று கவுன்சில்களுக்குள் பிரிந்து கிடக்கிறது, எந்தக் கவுன்சில் என்று ரேட்ஸ் (கவுன்சில் வரி) பில்லில் பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

கட்டடத் தொழிலாளி

ஃபைப்ரோ கொட்டகை பற்றி ஒருவரும் சொல்லவில்லை. பழைய ஃபைப்ரோ என்றால் ஆஸ்பெஸ்டஸ் இருக்கும் என்று வைத்தே நடந்துகொள்ளுங்கள். 10 சதுர மீற்றருக்கு மேல் என்றால் லைசென்ஸ் உள்ளவர்தான் கழற்றவேண்டும். வார இறுதியில் நாங்களே சுத்தியலால் உடைத்துவிடுவோம் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் இருக்கும் வளவு.

பருத்தித்துறைப் பெரியம்மா

பிள்ளை, நான் கட்டட விஷயம் தெரிந்தவள் இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன், கோபிக்காதே. இதற்கு யாருடைய காசு?

வளவுக்காரி

கோபமில்லை பெரியம்மா. கோப்பாய்க் காணியை விற்ற காசில் ஒரு பகுதி. மிச்சம் எங்கள் வங்கிக் கடன்.

பருத்தித்துறைப் பெரியம்மா

அப்படியென்றால் ஒரு எழுத்து எழுதிவிடு. உன்மேல் நம்பிக்கை இல்லாமல் சொல்லவில்லை. நானும் மகன் கட்டித் தந்த வீட்டில்தான் இருக்கிறேன். என் மனுசன் போன பிறகு, நாங்கள் கொடுத்த காசு அன்பளிப்பா, பங்கா, இருப்பதற்கு உரிமையா என்று மற்றப் பிள்ளைகள் கேட்டபோது ஒருவரிடமும் பதில் இல்லை. இரண்டு வருடம் அண்ணனும் தம்பியும் பேசவில்லை.

இந்த நாட்டில் 2021 ஜூலை 1 முதல் இதற்கென்றே ஒரு வரிச் சலுகை இருக்கிறது. ஓய்வூதிய வயதான பெற்றோர், அல்லது உடலியலாமையால் உதவி தேவைப்படுகிறவர், இந்த வீட்டில் ஆயுள்வரை இருக்கலாம் என்று சட்டப்படி செல்லும் எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால், அதைச் செய்துகொண்டதற்காக மூலதன ஆதாய வரி வராது. வாய்ப்பேச்சுக்குச் சலுகை இல்லை. 67 ஆகிவிட்டதா அவர்களுக்கு? நாளைக்கு அரச உதவிப்பணம் தரும் சென்றர்லிங்கில் ஓய்வூதியம் கேட்கும்போதும், அந்தக் காசு எங்கே போனது என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்கும் இந்த ஒப்பந்தம் உதவும். அம்மா அப்பாவுக்கென்று தனியாக ஒரு சட்டத்தரணியைப் பிடி, உன்னுடையவரை அல்ல. உன் சகோதரங்களுக்கும் ஒரு பிரதி கொடு.

வளவுக்காரி

அப்பாவுக்கு 74, அம்மாவுக்கு 69. பெரியம்மா, இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. கனடாவிலிருக்கும் அண்ணாவிடம் இன்றிரவே பேசுகிறேன்.

பென்டில்ஹில் வாசி

தங்கச்சி, இன்னொரு விஷயம். இரண்டு அறையை விட்டுவிட்டு ஒரு பெரிய அறையும் அகலமான குளியலறையுமாகப் போடுங்கள். நாங்கள் இரண்டு அறை போட்டோம், இன்றைக்கு மாமியின் சக்கர நாற்காலி குளியலறைக் கதவுக்குள் நுழையாது. கதவு திறந்தால் 82 சென்றிமீற்றர் இடைவெளி இருக்கவேண்டும். ஷவருக்குத் திட்டி வேண்டாம், தளம் படியில்லாமல் ஒரே தொடராக வடிகாலுக்குச் சரியட்டும். கழிவறைக்கும் ஷவருக்கும் பக்கத்துச் சுவருக்குள் பிளைவூட் அடித்து வைத்தால், கைபிடியைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் பூட்டலாம். ஜிப்ரொக் (ஜிப்சம்) பலகையில் மட்டும் பூட்டிய கைபிடி மனிதப் பாரம் தாங்காது, பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

வளவுக்காரி (ஏழு மாதம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி சொல்லாமல் இந்த இழையை விட மனம் வரவில்லை. அந்த பில்டரிடம் கையெழுத்து வைக்கவில்லை. வேறொருவர், 10 சதவீதம், காப்புறுதிச் சான்றிதழ் முதலில். தம்பி சொன்னபடி வீட்டை முன்னுக்கு நகர்த்தி ஒரு அறைப் பிளானாக மாற்றினோம். சிட்னி வாட்டர் நேரேயே அனுமதித்துவிட்டது. வெள்ளக் கட்டுப்பாடும் இல்லை. பழைய மண் குழாய் அவர் சொன்ன இடத்தில்தான் இருந்தது. தோண்டி எடுத்தபோது மூட்டு ஒவ்வொன்றிலும் தலைமயிர் மாதிரி வேர் நிறைந்திருந்தது. பக்கத்து வீட்டு மரத்தின் வேர். அதைத் திருப்ப 6,400 டொலர் முடிந்தது. அப்படியே விட்டு மேலே சிலாப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

குழாய் போகிற பின்துண்டில் அம்மா முருங்கை வைக்கக் கேட்டா. அந்த வேரைக் காட்டினேன். கத்தரியும் மிளகாயும் கீரையும் போதும் என்றுவிட்டா.

ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்தாகிவிட்டது. அண்ணாவே இரண்டு திருத்தம் சொன்னார்.

இப்போது வீட்டின் சட்டகம் நிமிர்ந்து கூரை ஏறிவிட்டது. நேற்றுக் குளியலறைச் சுவருக்கு பிளைவூட் அடித்தார்கள். அப்பாவைக் கழிவறை வரும் இடத்தில் ஒரு கதிரை போட்டு இருத்தி, எழும்பச் சொன்னோம். தானாக அவருடைய கை போய் நின்ற உயரத்தைத் தச்சர் பென்சிலால் குறித்தார். ஷவர் பக்கமும் அப்படியே. பிளைவூட் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். நாளைக்கு ஜிப்ரொக் வருகிறது.