நூட் ராக்னி: எண்ட் ஆடியவர் கோச் ஆனபோது என்ன மாறியது?

கேள்வி (மைதானவாசி):
அமெரிக்கன் ஃபுட்பாலில் ஃபார்வர்டு பாஸை (பந்தை முன்னோக்கி எறிவதை) கண்டுபிடித்தவர் ராக்னிதான் என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். இது சரியா? நோட்டர் டேம் பல்கலைக்கழக அணியின் கோச்சாக அவர் ஆடவைத்த 'ஷிஃப்ட்' எப்படி வேலை செய்தது? அதற்கு எதிராக விதியே போட்டார்களாமே, ஏன்?

பதில் 1 (நாலாவது டவுன்):
கண்டுபிடித்தவர் அவர் இல்லை. பாஸ் விதிப்படி செல்லுபடியானது 1906-இல். அந்த ஆண்டு செப்டம்பரிலேயே செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் எறிந்துவிட்டார். முதல் எறி யார் கையிலும் படாமல் தரையில் விழுந்ததால் பந்து எதிரணிக்குப் போனது, அன்றைய விதி அப்படி. இவ்வளவு ஆபத்து இருந்ததால்தான் பெரிய அணிகள் பாஸைத் தொடத் தயங்கின. எறியும் தூரத்துக்கு இருந்த 20 யார்டு (சுமார் 18 மீட்டர்) வரம்பும் 1912-இல்தான் நீங்கியது.

நோட்டர் டேமுக்கு எண்ட் (வரிசையின் ஓரத்தில் நின்று பாஸைப் பிடிக்க ஓடுபவர்) ஆடிய ராக்னியின் பங்கு பிடிப்பதில் இருக்கிறது. 1913 கோடையில் ஒஹாயோவின் சீடர் பாயின்ட் கடற்கரையில் அவரும் குவார்ட்டர்பேக் (பந்தை எறிபவர்) கஸ் டோரேயும் பயிற்சி எடுத்தார்கள். அதுவரை பலரும் நின்று, பந்தை மார்போடு அணைத்துப் பிடிப்பார்கள். அப்படிச் செய்தால் பந்து மார்பில் பட்டுத் தெறிக்கும். நின்ற இடத்திலேயே எதிராளியும் வந்து மடக்கிவிடுவான். இவர்கள் பழகியது, ஓட்டம் தளராமல் விரல்களை நெகிழ்த்தி கைகளாலேயே வாங்குவது.

நவம்பர் 1, வெஸ்ட் பாயின்ட்டில் ஆர்மிக்கு (அமெரிக்க ராணுவ அகாடமி அணிக்கு) எதிரான ஆட்டம். டோரே 17 பாஸ் எறிந்தார், 14 தன் அணியினர் கையில் சேர்ந்தன, 243 யார்டு முன்னேற்றம். முதல் பாதி முடிவில் 14-13 என்று இழுபறிதான். பாஸுக்குப் பயந்து ஆர்மி தடுப்பாளர்கள் பின்வாங்க, நடுவில் திறந்த இடத்தில் நோட்டர் டேமின் ஃபுல்பேக் (பந்தோடு ஓடும் பின்வரிசை ஆட்டக்காரர்) ஐக்கன்லாப் முட்டிக்கொண்டு போனார். முடிவு 35-13, நோட்டர் டேமுக்கு வெற்றி. பாஸ் ஓட்டத்துக்கு வழி விடும் என்பதுதான் அந்த ஆட்டத்தின் பாடம். எத்தனை டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) என்பதைவிட எனக்கு இதுவே பெரிதாகப் படுகிறது.

பதில் 2 (பழைய பெட்டி):
ஷிஃப்ட் பற்றி. இதுவும் ராக்னியின் சொந்தச் சரக்கு அல்ல. அவருடைய கோச் ஜெஸ்ஸி ஹார்ப்பர் சிகாகோ பல்கலைக்கழகத்தில் கோச் அலோன்சோ ஸ்டாக்கிடம் ஆடியவர். அந்த வழியாக வந்தது. 1918-இல் ஹார்ப்பர் இடத்துக்கு வந்த ராக்னி அதைக் கூர்தீட்டினார்.

முதலில் 'டி' வடிவில் நிற்பார்கள்: சென்டருக்கு (பந்தைப் பின்னால் தந்து ஆட்டத்தைத் தொடங்குபவர்) பின்னால் குவார்ட்டர்பேக், அவருக்குப் பின்னால் மூவர் பக்கவாட்டில் வரிசையாக. சைகை வந்ததும் நால்வரும் ஒரே தாளத்தில் நகர்ந்து வலப்புறமோ இடப்புறமோ ஒரு பெட்டியாக நிற்பார்கள். கால் பதிந்த மறுநொடியே பந்து வரும். எதிரணி ஆளை இடம் மாற்றுவதற்குள் ஆட்டம் தொடங்கியிருக்கும். நகர்ந்த வேகம் உடம்பில் இன்னும் இருப்பதால் முதல் அடியிலேயே வலு கிடைக்கும். 1924-இன் 'நான்கு குதிரைவீரர்கள்' (நோட்டர் டேமின் பின்வரிசை நால்வரின் பட்டப்பெயர்) ஒருவரும் 75 கிலோவைத் தாண்டாதவர்கள். அந்த எடையிலும் அவர்கள் ஓட்டத்துக்கு வலு சேர்த்தது இந்தத் தாளம். அந்தப் பருவ முடிவில் ரோஸ் பௌல் ஆட்டத்தில் ஸ்டான்ஃபோர்டை 27-10 என்று வென்றார்கள்.

பிசகும் இடமும் இதுதான். நால்வரில் ஒருவர் அரை அடி பிந்தினாலும் கூட்டு ஓட்டம் குலையும், நடுவரும் விசில் ஊதுவார். நகர்வு முழுதாக நின்றதா, நிற்கவில்லையா என்று நடுவர்களால் தீர்மானிக்க முடியாமல் ஓயாத சச்சரவு. 1927-இல் ஒரு முழு நொடி அசையாமல் நிற்க வேண்டும் என்று விதி வந்தது. உந்துவேகம் போயிற்று.

மைதானவாசி:
நன்றி. அப்படியானால் 1927-க்குப் பிறகு சரிந்தாரா? வெற்றி விகிதம் 88.1 என்கிறார்கள்; நான் கணக்குப் போட்டால் 86.1 வருகிறதே?

பதில் 3 (நாலாவது டவுன்):
105 வெற்றி, 12 தோல்வி, 5 டிரா, ஆக 122 ஆட்டம். டிராவை அரை வெற்றியாகச் சேர்த்தால் 107.5-ஐ 122-ஆல் வகுக்க வேண்டும், 88.1 வரும். நீங்கள் 105-ஐ மட்டும் 122-ஆல் வகுத்திருக்கிறீர்கள், டிராவின் அரை வெற்றிகளைச் சேர்க்கவில்லை.

1928-இல் 5 வெற்றி, 4 தோல்வி, அவருடைய மிக மோசமான பருவம். ஆனால் 1929, 1930 இரண்டிலும் ஒரு தோல்விகூட இல்லை. 1929-இல் புது ஸ்டேடியம் கட்டிக்கொண்டிருந்ததால் சொந்த மைதானத்தில் ஒரு ஆட்டமும் கிடையாது; காலில் ரத்தநாள அழற்சி, பல நாள் சக்கர நாற்காலியில் இருந்தபடிதான் கோச்சிங். 1931 மார்ச் 31-இல் கன்சாஸில் விமானம் விழுந்து இறந்தபோது வயது 43.